பாளையத்தில் ஓட்டு, தலால் தெருவில் விலை

2004 மே 10ஆம் தேதி திருவனந்தபுரம் வாக்களித்தது. 13ஆம் தேதி எண்ணி முடித்தபோது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பி.கே. வாசுதேவன் நாயர் எங்கள் எம்.பி. கேரளத்தின் 20 தொகுதிகளில் 18 இடதுசாரிகளுக்கு. காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. அன்று மாலை பாளையத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை செங்கொடிகள். சாலைக் கடைத்தெருவில் எங்கள் வற்றல் மிளகாய்க் கடை வாசலிலும் வெடி வெடித்தார்கள். பி.கே.வி. முன்னாள் முதலமைச்சர், எளிமையான மனிதர் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் மதித்தவர். அவர் வென்றதில் எனக்கும் மகிழ்ச்சிதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் 330 புள்ளி இறங்கியது. வாஜ்பாய் அரசு திரும்பி வரும் என்றே மும்பையின் தலால் தெருப் பங்குச் சந்தை நம்பியிருந்தது. வரவில்லை. வரப்போகும் காங்கிரஸ் கூட்டணி அரசோ இடதுசாரிகளின் தோளில் நிற்கவேண்டிய அரசு. மார்க்சிஸ்ட் கட்சிக்கு 43 இடம், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 10. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ஏ.பி. பரதன், பொதுத்துறைப் பங்கு விற்பனை எக்கேடு கெட்டாலும் கவலையில்லை என்ற பொருளில் பேசியது வார இறுதி முழுவதும் தொலைக்காட்சியில் ஓடியது. திங்கட்கிழமை, மே 17, சந்தை திறந்ததும் பள்ளத்தில் விழுந்தது. ஒரு கட்டத்தில் 842 புள்ளி சரிவு. வணிகத்தை இரண்டு முறை நிறுத்திவைத்தார்கள். முடிவில் 565 புள்ளி நஷ்டத்தோடு 4,505இல் நின்றது.

அன்று நான் ஸ்டாச்யூ சந்திப்பின் பக்கம் ஒரு மாடியறையில் இருந்த சப் புரோக்கர் அலுவலகத்தில் இருந்தேன். ஒரே ஒரு கணினித் திரை, அதைச் சுற்றி முப்பது பேராவது இருப்பார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், கரமனைக்காரர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள். திரை சிவப்பாகவே இருந்தது. செக்ரட்டேரியட்டில் பணிசெய்து ஓய்வுபெற்ற ஒருவர் என் தோளைத் தொட்டார். மார்ச் மாதம் மத்திய அரசு ஓஎன்ஜிசி பங்குகளை 750 ரூபாய்க்கு விற்றதே, அதில் ஓய்வூதியப் பணத்தைக் கொஞ்சம் போட்டவர்.

"அண்ணாச்சி, நான் ஓட்டுப் போட்டது பி.கே.வி.க்குத்தான். அதுல எந்தத் தப்பும் எனக்குத் தோணல்ல. ஆனா என் ஓஎன்ஜிசி எதுக்கு இப்படி விழுது? எண்ணெய்க் கிணறு வத்திப்போச்சா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் சொல்லும் துணிவு வரவில்லை. கிணற்றில் எண்ணெய் அப்படியே இருந்தது. மாறியது டெல்லியில் யார் உட்காருவார்கள் என்ற கணிப்பு மட்டுமே. பொதுத்துறைப் பங்குகளை அரசு தொடர்ந்து விற்கும், நிர்வாகம் கைமாறும், விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்கியவர்கள் ஒரே நேரத்தில் வெளியேற முயன்றார்கள். வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் விற்றன. கடனுக்குப் பங்கு வாங்கியிருந்தவர்களிடம் தரகர்கள் கூடுதல் மார்ஜின், அதாவது ஈட்டுப்பணம், கேட்டார்கள். கட்ட முடியாதவர்களின் பங்குகள் கிடைத்த விலைக்கு விற்கப்பட்டன. அந்த விற்பனை விலையை மேலும் இறக்கியது, இறங்கிய விலை இன்னும் பலரிடம் மார்ஜின் கேட்டது. முதல் அரைமணி நேரம் அரசியல். அதற்குப் பிறகு நடந்தது முழுக்க முழுக்கக் கடன் கணக்கு.

மறுநாள் சந்தை 371 புள்ளி மீண்டது. மே 22இல் மன்மோகன் சிங் பதவியேற்றார். அதே இடதுசாரிகள் வெளியிலிருந்து தாங்கிய அந்த அரசின் காலத்தில்தான், 2007 முடிவதற்குள், சென்செக்ஸ் 20,000ஐத் தொட்டது. 4,505இல் பதறி விற்றவர்களின் முகங்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அவர்களை அந்தத் திங்கட்கிழமை பயமுறுத்தியது அவர்களே போட்ட ஓட்டு என்பதுதான் என்னால் மறக்க முடியாதது.

எங்கள் ஊரில் அரசியலுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. என் அப்பா காலத்துச் சாலைக் கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கடை திறந்து, தராசைத் துடைத்து, சாமிக்குப் பூ போட்டு முடிப்பதற்குள் எதிர்க்கடை அண்ணாச்சி பத்திரிகையோடு வந்துவிடுவார். மலையாளப் பத்திரிகை இரண்டு, தமிழ்ப் பத்திரிகை ஒன்று. தினமலர் 1951இல் பிறந்ததே இந்த ஊரில்தான். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தாய்த்தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற குரல் உரத்து ஒலித்த நாட்கள் அவை. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் கடைத்தெருவில் மகிழ்ந்தவர்களும் உண்டு, கவலைப்பட்டவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாக இருந்தது. ஏனென்றால் அதுவரை உள்ளூர் நெல்லாக வந்துகொண்டிருந்த நாஞ்சில் நாட்டு நெல் அன்றுமுதல் அயல்மாநில நெல். மக்கள் கருத்து வணிகத்தைத் தொடுவதென்றால் எங்களுக்கு அப்போது தெரிந்தது அதுதான்: மூட்டை, வண்டி, சோதனைச்சாவடி.

பங்குச் சந்தை வெகுதூரத்தில் இருந்தது. மிச்சம் பிடித்த பணம் சிட்டி எனும் சீட்டுக்கும், தபால் நிலையத்துக்கும், நகைக்கும் போனது. கம்பெனிப் பங்கு வைத்திருந்த ஒன்றிரண்டு பேர் விலையைத் தெரிந்துகொள்ள மறுநாள் சென்னையிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகைக்குக் காத்திருப்பார்கள். 1978இல் கொச்சியில் பங்குச் சந்தை வந்தபிறகும் எங்களுக்கு அது தொலைபேசியின் மறுமுனையில் கேட்கும் ஒரு குரல்தான். விற்கச் சொன்னால், விற்றதா என்று தெரிய ஒரு நாள், பத்திரம் போய்ப் பணம் வர வாரக்கணக்கு. 1977ஐ நினைத்துப் பார்க்கிறேன். வடக்கே இந்திரா காந்தி தோற்றார், கேரளம் அவர் அணிக்கு இருபதையும் கொடுத்தது. தேநீர்க் கடைகளில் ஒரு வாரம் சண்டை. அந்த வாரம் யாரும் பங்கு விலை கேட்டு நான் பார்க்கவில்லை.

அதற்கும் முந்தைய ஒரு கதை கடைத்தெருப் பெரியவர்கள் வாயில் இருந்தது. சிறுவயதில் அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 1938 பிப்ரவரியில் இந்த நகரத்தில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. பட்டம் தாணுப்பிள்ளை தலைவர், கோரிக்கை பொறுப்பாட்சி. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அதை ஏற்கவில்லை. டிராவன்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி அந்நாளில் தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்று, இரண்டு வங்கிகள் சேர்ந்து முந்தைய ஆண்டுதான் உருவானது. அதன் தலைவர்கள் சி.பி. மாத்தனும், மலையாள மனோரமா ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளையும். இவர்கள் கிளர்ச்சிக்காரர்களுக்கு அனுதாபிகள் என்பது அரண்மனை வட்டாரத்தின் எண்ணம். ஏப்ரல் முதலே வங்கியைப் பற்றி வதந்திகள் பரவின. பணம் போட்டவர்கள் கிளைகளின் முன் வரிசையில் நின்றார்கள். ஜூன் 21ஆம் தேதி வங்கி கதவை மூடியது. செப்டம்பரில் மனோரமா அச்சகம் பூட்டப்பட்டது. அக்டோபரில் மாத்தனும் மாம்மன் மாப்பிள்ளையும் சென்னையில் கைது செய்யப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டார்கள், தண்டனையும் பெற்றார்கள். மனோரமா மறுபடி வெளிவந்தது 1947இல், திவான் ஊரைவிட்டுப் போனபிறகு.

அந்த வங்கியின் கணக்கில் பலவீனங்களே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒரு வங்கி நம்பிக்கையில் நிற்பது. அந்த நம்பிக்கையை அரசியல் பகை அசைத்தால் மிகத் திறமையாக நடத்தப்பட்ட வங்கியும் தாங்காது. அன்று அழிந்தது தலைவர்களின் பணம் மட்டுமல்ல. கொல்லத்திலும் திருவல்லாவிலும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்தவர்களின் பணமும்தான். அவர்களில் எத்தனை பேருக்குப் பொறுப்பாட்சி பற்றி ஒரு கருத்து இருந்திருக்கும்? வதந்தி முற்றி வங்கி விழ அன்று இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இன்று அந்த வேலைக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

2009 மே 16இல் காங்கிரசின் சசி தரூர் முதல்முறையாக இங்கே வென்றார். இடதுசாரிகள் நாடெங்கும் சுருங்கிப்போனார்கள். மே 18, திங்கட்கிழமை, அதே மாடியறைக்குப் போனேன். சந்தை திறந்த சில நொடிகளில் அப்பர் சர்க்யூட், அதாவது வணிகத்தையே நிறுத்தும் ஏற்ற வரம்பு. மறுபடி திறந்தார்கள், மறுபடி சர்க்யூட், அன்றைய வணிகம் அத்தோடு முடிந்தது. 2,110 புள்ளி ஏற்றம், 14,284. ஐந்தாண்டுக்கு முன் எந்தக் கூட்டணி வருகிறதென்று சந்தை அலறியதோ அதே கூட்டணி, அதே பிரதமர். சந்தை கொண்டாடியது வந்தவர்களை அல்ல, போனவர்களை. வாங்க ஆசையாக வந்தவர்கள் வெறுங்கையோடு படியிறங்கினார்கள்.

இன்னொரு மே 17ஐயும் சொல்ல வேண்டும். 2004 சரிவுக்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2019 மே 17 அன்று, லண்டன் பங்குச் சந்தையில் அன்றைய வணிகத்தைத் தொடங்கிவைத்தவர் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிஃப்பி என்ற மாநில உள்கட்டமைப்பு நிதியம் 2,150 கோடி ரூபாய்க்கு மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விற்கும் கடன் பத்திரம்) வெளியிட்டிருந்தது, வட்டி 9.723 சதவீதம். வட்டி அதிகம் என்று எதிர்க்கட்சி சொன்னது. சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேறு எங்கே பணம் என்று அரசு கேட்டது. இதில் கேலிக்கு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மக்கள் நலத்திட்டம் கேட்டு ஓட்டுப் போடுகிறார்கள், அதற்கான பணம் சந்தையில் இருக்கிறது, கட்சிக்கொடி எந்த நிறமானாலும் அங்கே போய்த்தான் ஆகவேண்டும். அந்த ஐந்தாண்டுப் பத்திரம் 2024இல் தவணை தப்பாமல் அடைக்கப்பட்டது.

2019இன் அந்த வாரம் ஞாயிறு மாலை, பாஜக கூட்டணியே திரும்ப வரும் என்று வாக்குக் கணிப்புகள் வந்தன. திங்கட்கிழமை சென்செக்ஸ் 1,400 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. முடிவு வந்தபோது கேரளம் நேரெதிராக 19 தொகுதிகளைக் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணிக்குக் கொடுத்தது. எங்கள் ஊர்க் கருத்தும் மும்பையின் கருத்தும் இப்படி எதிரெதிரே போவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

2024 மட்டும் எனக்கு ஆறவில்லை.

சட்டப்படி கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரைமணி நேரம் கழித்தே வாக்குக் கணிப்பை வெளியிடலாம். ஜூன் 1, சனிக்கிழமை மாலை அது வந்தது. ஒரு பெரிய நிறுவனம் பாஜக கூட்டணிக்கு 361 முதல் 401 வரை என்றது. மற்றவையும் ஏறக்குறைய அதே பக்கம். அதற்கு முன்பே, ஜூன் 4க்கு முன் வாங்கிவையுங்கள், சந்தை ஏறும் என்று உள்துறை அமைச்சரே பேட்டியில் சொல்லியிருந்தார். ஜூன் 3, திங்கட்கிழமை, சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறி 76,468. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. பாஜகவுக்கு 240, கூட்டணிக்கு 293. சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 6,000 புள்ளிக்கு மேல் சரிந்து, 4,390 இழப்போடு 72,079இல் முடிந்தது. ஒரே நாளில் பங்குகளின் மொத்த மதிப்பில் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் குறைந்தது.

என் அக்கா மகன் டெக்னோபார்க்கில் வேலை செய்கிறான். அன்று விடுப்புப் போட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மாடியறை, சப் புரோக்கர் எதுவும் இப்போது தேவையில்லை, எல்லாம் கைப்பேசியில். ஒரு கண் தொலைக்காட்சியில்: திருவனந்தபுரத்தில் பாஜகவின் ராஜீவ் சந்திரசேகர் முன்னிலை. மறு கண் அவன் வாங்கிய புட் ஆப்ஷன் விலையில்: சந்தை விழுந்தால் ஏறவேண்டிய ஒப்பந்தம் அது.

"மாமா, சந்தை விழும்னு நான் சரியாத்தானே பிடிச்சேன்? சரிவு உச்சத்துல இருந்தப்பவே புட் வாங்கினேன். அப்புறம் ஏன் காசு வரல்ல?"

அவனுக்கு விளக்கினேன். வாக்கு எண்ணும் நாளுக்கு முன்பே எல்லாருடைய பயமும் ஆப்ஷன் விலையில் ஏறியிருக்கும். அந்தப் பயத்தை அளக்க இந்தியா விக்ஸ் என்று ஒரு குறியீடே இருக்கிறது. பதற்றம் தணிந்ததும் விக்ஸ் பொத்தென்று இறங்கும், அதோடு ஆப்ஷன் விலையும் இறங்கும். திசை சரியாக இருந்தாலும், நேரமும் கொடுத்த விலையும் தவறினால் பணம் போய்விடும். அவன் தனி ஆள் இல்லை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பங்குச் சந்தையின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஆராய்ந்தது: எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல்.

ஜூன் 4 அன்று மதியத்துக்குப் பிறகு கடற்கரைப் பகுதி வாக்குகள் எண்ண எண்ண எங்கள் தொகுதி திரும்பியது. முடிவில் தரூர் 16,077 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தக் கடற்கரையில்தான் விழிஞ்ஞம் துறைமுகம் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டிருந்த அதானி போர்ட்ஸ் பங்கு அன்று ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பிழந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அதே துறைமுக வாசலில் மீனவர்கள் அமர்ந்திருந்தார்கள். லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் முன்னின்று நடத்திய போராட்டம். கரை அரித்து வீடுகள் கடலுக்குப் போயின என்பதும் ஆய்வு நடத்துங்கள் என்பதும் அவர்களின் முறையீடு. பணிகள் மாதக்கணக்கில் முடங்கின. நவம்பர் இறுதியில் காவல் நிலையமே தாக்கப்பட்டது. துறைமுகத்தின் வாசலில் நின்று, துறைமுகத்தைப் பற்றியே பேசிய மக்கள் கருத்து அது. அந்த மாதங்களில் அதானி போர்ட்ஸ் பங்கு விலையில் அதற்காக ஒரு பெரிய சரிவு வந்து நான் பார்க்கவில்லை. ஆனால் உத்தரப்பிரதேசத்தில் சில பத்துத் தொகுதிகள் கைமாறியதும் விலை விழுந்தது. துறைமுகத்துக்கு அன்று எதுவும் ஆகவில்லை. அலைத்தடுப்புக் கற்கள் அதே இடத்தில், கிரேன்கள் அதே இடத்தில். ஐந்து வாரத்தில், ஜூலை 11 அன்று, முதல் பெரிய சரக்குக் கப்பல் சான் ஃபெர்னான்டோ வந்து நின்றது.

ஆகவே "மக்கள் தீர்ப்பால் சந்தை சரிந்தது" என்று தொலைக்காட்சியில் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மக்கள் எப்போதும்போல் ஓட்டுப் போட்டார்கள். சந்தை சரிந்தது, மக்கள் என்ன செய்திருப்பார்கள் என்று சிலர் சொன்னதை நம்பி முந்தைய நாள் ஏறியதால். பிரிட்டனில் 2016 ஜூனிலும் இதுவே நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்குவார்கள் என்று சந்தை எண்ணியிருந்தது, வெளியேற வாக்களித்தார்கள், பவுண்டு முப்பது ஆண்டுகளில் காணாத மட்டத்துக்கு விழுந்தது. கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நிற்பவனுக்கும் விழிஞ்ஞத்தில் வலை இழுப்பவனுக்கும் தன் ஓட்டு இன்னொருவன் சேமிப்பை விழுங்கிவிட்டது என்ற குற்றவுணர்வைச் சுமத்தும் பேச்சு பொய்யானது, ஜனநாயகத்துக்கு ஆபத்தானதும்கூட. அன்று என் தோளைத் தொட்ட செக்ரட்டேரியட் பெரியவரிடம் நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்: அவர் ஓட்டு சரியாகத்தான் விழுந்தது. தவறியது மும்பையின் கணிப்பு.

ஒரே ஒரு கம்பெனியின் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று தொழிலாக ஆலோசனை சொல்பவர் 2014 விதிகளின்படி செபியில் பதிவு செய்யவேண்டும், தன்னிடம் அந்தப் பங்கு இருக்கிறதா என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். முழுச் சந்தையையும் ஒரே காலையில் 2,500 புள்ளி தூக்கும் வாக்குக் கணிப்பை வெளியிடுபவருக்கும் அதே கடமை வேண்டும். எத்தனை பேரிடம் கேட்டார், எந்தத் தொகுதிகளில் கேட்டார், யார் பணம் கொடுத்தார்கள், அவருக்கும் அவருக்குப் பணம் கொடுத்தவருக்கும் சந்தையில் என்ன முதலீடு என்று கணிப்போடு சேர்த்தே வெளியிட வேண்டும். செபியும் தேர்தல் ஆணையமும் சேர்ந்து உட்கார்ந்தால் இதைச் செய்ய ஒரு மழைக்கால நாடாளுமன்றக் கூட்டத்தொடர்கூடத் தேவையில்லை.

கைப்பேசியில் வணிகம் செய்யும் பிள்ளைகளுக்கும் ஒன்று. வாக்குக் கணிப்பு வெளியாகும் நாளிலிருந்து முடிவு வந்த மறுநாள்வரை ஆப்ஷன் பக்கம் போகாதீர்கள். நல்ல பங்கு கையில் இருந்தால் அந்த நாட்களில் விற்காதீர்கள். ஜூன் 4 அன்று 72,079இல் நின்ற சென்செக்ஸ் மூன்றே வணிக நாட்களில், ஜூன் 7 அன்று, 76,693இல் முடிந்தது.